மதினியின் கால்

மன்னிக்கிறவர்களுக்கு மறுமையில் பெரிய கூலி இருக்கிறது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறேன். கேட்டதோடு சரி. எனக்கு வேண்டிய கூலி இந்த உலகத்திலேயே, அதுவும் என் வீட்டு வாசலிலேயே கிடைக்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி, என் காருக்குள் தன் காலை வைக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அரிசியில் தொடங்க வேண்டும். நாங்கள் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்து அகதி முகாமுக்கு வந்தவர்கள். வரும்போது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். அந்தப் பயணம் எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது நிவாரண அரிசி. கார்டைக் காட்டி, வரிசையில் நின்று, உரப்பையில் வாங்கி வந்த அரிசி. அதைத் தின்றுதான் பள்ளிக்கூடம் போனேன், சிங்களம் படித்தேன், இன்றைக்குச் சிங்களத்தைத் தமிழாக்கிக் கொடுத்துப் பிழைக்கிறேன். அந்த அரிசியைப் பற்றி எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. அதை வெட்கமாக்கித் தந்தவர் மதினிதான்.

மதினியின் குடும்பம் கற்பிட்டி ரோட்டில் தென்னந்தோட்டமும் வள்ளமும் வைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற குடும்பம். தம்பி போயும் போயும் கேம்பில் பெண் எடுக்கிறானே என்ற கோபத்தை அவர் கல்யாண வீட்டுக்கே கொண்டு வந்தார். பெண்கள் எல்லாரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரே தாலத்தில் நெய்ச்சோறு, நடுவில் இறைச்சி. நான் புதுப்பெண், தலையைக் குனிந்து இரண்டு வாய் தின்றிருப்பேன். அப்போது மதினி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"நிவாரண அரிசி திண்டு வளந்த புள்ள. நெய்ச்சோறு செமிக்குதோ என்னவோ, மெல்லமாத் தின்னக் குடுங்க."

சிரித்தார்கள். என் பக்கத்துப் பெண்களும் சிரித்தார்கள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றைக்குத் தொண்டையில் நின்ற சோறு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்குள் இந்த உறவுக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல்தான். அவர் எனக்கு மதினி என்றால் நானும் அவருக்கு மதினி. ஆனால் பக்கத்துப் பக்கத்து வளவில் இத்தனை வருடம் இருந்தும் அவர் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆட்களிடம் சொல்லும்போது 'தம்பிட பொஞ்சாதி'. கோபத்தில் 'நிவாரணம்'. ஏதாவது தேவை என்றால் மட்டும் 'புள்ள'.

பிறகு கார் வந்தது. என் கணவர் சவூதியில் இருந்து அனுப்பியதும் நான் மொழிபெயர்த்துச் சேர்த்ததும் சேர்ந்து வாங்கிய பழைய சின்னக் கார். நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆளுக்கு மூச்சு விட இடமில்லை. மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் உள்ளே இருப்பவர்கள் கதைக்க முடியாது. ஆனாலும் என்னுடைய கார். லைசென்சும் என்னுடையது. கொண்டு வந்து நிறுத்திய அன்றைக்கு எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கையே கூடி நின்றது. நான் பெரிய மனது பண்ணினேன். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க மதினி, முதல்ல நீங்கதான். பள்ளி வரைக்கும் போய்த் திரும்புவம்" என்றேன்.

மதினி காரை ஒருமுறை சுற்றி வந்தார். பொனட்டில் விரலால் தட்டினார்.

"நிவாரண அரிசி திண்ட கைக்கு ஸ்டேரிங்கும் வேணுமாம்" என்றார். "வல்லாஹி சொல்றன். இந்தத் தகரப் பேணிக்குள்ள என்ட கால் படாது."

அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுவிட்டார். சும்மா வாயில் வந்ததல்ல, அத்தனை பேர் சாட்சியாக நிற்க, காலைப் பெயர் சொல்லிச் செய்த சத்தியம். நான் கதவைச் சாத்தினேன். வாயையும் சாத்திக்கொண்டேன். அன்றைக்குத்தான் மனதுக்குள் எழுதி வைத்தேன்: இந்தக் கால் ஒருநாள் இந்தக் காருக்குள் படும். யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும்.

என்னுடைய காலம் கரண்ட் கட்டோடு வந்தது.

அந்த நாட்களை எங்கள் நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. என் குசினி ஜன்னலால் பார்த்தால் நுரைச்சோலை மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் குப்பி விளக்குக் கொளுத்தினோம். என் வேலை முழுக்க லெப்டொப்பில். குறித்த நேரத்தில் அனுப்பாவிட்டால் அடுத்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். போனைச் சார்ஜ் பண்ணக் காரிலேயே ஓட்டை உண்டு. லெப்டொப்புக்கு அது போதாது, சுவரில் இருக்கிற மாதிரி பிளக் வேண்டும்.

புத்தளம் டவுனில் ஒரு கடையில் இன்வேட்டர் வாங்கினேன். பாண் துண்டு அளவு பெட்டி. ஒரு முனையைச் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் செருக வேண்டும். மறுபக்கம் சுவர் பிளக் மாதிரியே ஒரு பிளக். கார் பற்றரியில் இருப்பதை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும். லெப்டொப்பும் இரண்டு போனும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. எஞ்சினை நிறுத்திவிட்டு நெடுநேரம் பாவித்தால் பற்றரி இறங்கி, பெட்டி கீ கீ என்று கத்தத் தொடங்கும். அப்போது எஞ்சினைப் போட வேண்டும், எஞ்சினைப் போட்டால் பெற்றோல் போகும். இதெல்லாம் நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. முன்வீட்டு ராத்தா ஒருநாள் சம்பல் அரைக்கப் பிளெண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னைக் கேளாமல் செருகி, பெட்டி போட்ட கத்தலில் பிளெண்டரைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

நான் முன்சீட்டில் லெப்டொப்பை மடியில் வைத்து, கதவைத் திறந்து விட்டுக்கொண்டு வேலை செய்வேன். ஒழுங்கையில் எல்லாரும் போனைக் கொண்டு வந்து தருவார்கள். சீட்டில் வரிசையாகக் கிடக்கும். தகரப் பேணி என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவருக்கும் நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு வேண்டியவர் ஒருவர்தான், அவர் மட்டும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினிக்கு ஒரே மகள். கல்யாணம் முடித்துக் கட்டாரில் இருந்தாள், முதல் பிள்ளை வயிற்றில். புருஷனை இழந்து அந்த ஒரு மகளை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் மதினி. போய்ப் பக்கத்தில் இருக்க வழியில்லாத காலம் அது. பகலில் மகள் எடுக்கிற வீடியோ கோல்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் கட்டும் அதே நேரத்தில் வந்து தொலைக்கும். எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"இதைக் கொஞ்சம் சார்ஜில போட்டுத் தா புள்ள."

"வச்சிட்டுப் போங்க மதினி. ஏறினாப் பிறகு கூப்புடுறன்."

"வச்சிட்டுப் போகேலாது. இது பற்றரி செத்த போன். வயரைக் கழட்டினா மூச்சுப் போயிரும். வயரோட வச்சித்தான் கதைக்கணும்."

எனக்கு எழும்பி ஆட வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு, மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "அப்ப உள்ள ஏறி இருந்து ஆறுதலாக் கதைங்க."

மதினி கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைத் திருப்பிச் சாத்தினார். கண்ணாடியை இறக்கச் சொன்னார். பிறகு ஜன்னலால் தலையையும் இரண்டு கையையும் உள்ளே விட்டு, கால் இரண்டையும் வெளியே மணலில் ஊன்றிக்கொண்டு மகளுடன் கதைத்தார். உச்சி வெயில். போன் வயர் ஒரு முழத்துக்கும் குறைவு. முதுகு வளைந்து, முந்தானை நழுவி, வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"உம்மா, ஏன் குனிஞ்சி நிக்கிறீங்க? ஏறி இருங்களேன்" என்றாள் மகள்.

"உள்ள வேக்காடு மகள். இங்கதான் காத்து" என்றார் மதினி.

என்னிடம் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று இருந்தது. அதை எடுத்துப் போட்டிருந்தால் அவர் என் வாசலில் கதிரையில் சாய்ந்திருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே கதைத்திருக்கலாம். அன்று பின்னேரம் அதைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். நெடுநாளைக்குப் பிறகு நல்ல நித்திரை.

தினமும் வந்தார். தினமும் குனிந்தார். மலிவான இன்வேட்டரில் ஒரு கோளாறு உண்டு: அதில் செருகியபடி பாவித்தால் சில போன்களின் திரை பைத்தியம் பிடித்த மாதிரி, யாரும் தொடாமலே தானாக அழுத்திக்கொள்ளும். மதினியின் போன் அந்த ரகம். மகளோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே கோல் அறுந்து மீன் வியாபாரிக்குப் போய்விட்டது. அவன் "என்ன ராத்தா, சூடையா கீரியா?" என்று கேட்கிறான்.

"அஊது பில்லாஹ்! உன்ட காருல ஜின் இரிக்கி."

"ஓம் மதினி. மன்னார் ஜின்."

அன்றைக்குப் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் சும்மா விடுகிறவருமில்லை. அடுத்த நாள் வந்தவர் குனியவில்லை. கதவைத் தானே திறந்தார். திரும்பி நின்று, சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். உடம்பு முழுக்க என் காருக்குள், கால் இரண்டும் வெளியே மணலில். சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, பின்னுக்குக் கையை நீட்டி வயரை வாங்கினார்.

"சத்தியம் காலுக்குத்தான் புள்ள" என்றார். "மத்த இடத்துக்கு இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு எழுதின மொழிபெயர்ப்பில் பிழைக்கு மேல் பிழை. ஒழுங்கையில் ஆட்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு என் பக்கமா அவர் பக்கமா என்று தெரியவில்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனுஷி. அவர் என் சீட்டில் இருக்கிறார், என் கரண்டில் கதைக்கிறார், என் பெற்றோல் எரிகிறது, ஆனால் அவருடைய சத்தியம் மட்டும் முழுதாக, கீறல் இல்லாமல் வெளியே மணலில் நிற்கிறது. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் வெடித்த, அகலமான கால். அது உள்ளே வரும் வரைக்கும் எனக்கு நிம்மதி இல்லை.

அந்த நாள் ஒரு காலைப்பொழுதில் வந்தது. இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. நெடுநேரம் கரண்ட் இல்லாவிட்டால் டவரின் பற்றரியும் செத்துவிடும், சிக்னலும் போய்விடும். என்னிடம் இன்வேட்டர் இருந்து என்ன, சிக்னலைக் காரில் உண்டாக்க முடியாது. சிக்னல் போவதற்குச் சற்று முன்னால் மதினிக்கென்று மருமகன் அனுப்பிய செய்தி ஒன்று முன்வீட்டு ராத்தாவின் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது. மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், ரத்தப் பிரஷர் கூடிவிட்டது, வெட்டி எடுக்க வேண்டி வரும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மதினி படலையைத் திறக்கவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். தலையில் முந்தானை இல்லை. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"சிக்னல் இருக்கிற பக்கம் கொண்டு போ புள்ள. நுரைச்சோலைப் பக்கம் இருக்குதாம். கெதியா."

டாங்கில் கிடந்தது உம்மாவைப் புத்தளத்துக்குக் கிளினிக் கொண்டு போகவென்று நான் நாள் முழுக்கக் கியூவில் நின்று வாங்கி வைத்த பெற்றோல். அதை நான் சொல்லவில்லை. "ஏறுங்க" என்றேன்.

ஓடி வந்து பழக்கத்தில் அதே மாதிரி உட்கார்ந்தார். உடம்பு உள்ளே, கால் வெளியே. நான் எஞ்சினைப் போட்டேன். நகரவில்லை.

"கால் வெளிய இருந்தாக் கார் போகாது மதினி."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவருடைய மூளை வேலை செய்ததை நான் கண்ணால் கண்டேன். ரப்பர்ச் செருப்போடு இரண்டு காலையும் தூக்கினார். "செருப்புத்தான் படும். கால் படாது" என்றார், எனக்குச் சொன்னாரோ அல்லாஹ்வுக்குச் சொன்னாரோ தெரியாது.

"செருப்போட ஏறேலாது. உள்ள மண் வரும். கழட்டுங்க."

அந்தக் காருக்குள் ஏற்கெனவே ஒரு கடற்கரை மணல் கிடந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளை பெறுகிற மகளை நினைத்துத் துடிக்கிற தாயிடம் இப்படி ஒரு சொல் சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். கல்யாணச் சஹனில், முதல் இரண்டு வாய் தின்றுகொண்டிருந்த பெண்ணிடம் மட்டும் சொல்லலாமா? நான் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் செருப்பைக் கழற்றி மணலில் சோடியாக வைத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி வலது காலை முதலில் வைத்தார், புது வீட்டுக்குள் போகிற மாதிரி. பிறகு இடது கால். கதவைச் சாத்தினார். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், உச்சந்தலை வரைக்கும் இனித்தது.

மாம்புரித் தோட்டங்களைத் தாண்டிப் போனோம். அவர் போனை வயரோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். நான் ரோட்டைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், மறுபடி ரோட்டைப் பார்த்தேன். விரல்களைச் சுருட்டி வைத்திருந்தார், எவ்வளவு குறையப் படுமோ அவ்வளவு குறையப் படட்டும் என்று. நுரைச்சோலைக்குக் கிட்டப் போனபோது போன் அடுக்கடுக்காகச் சிணுங்கியது. ஓரமாக நிறுத்தினேன்.

மருமகனுக்கு எடுத்தார். மணி போகும்போதே போன் செத்தது. இன்வேட்டரின் முனை அந்த ஓட்டையில் தளர்ந்து போயிருந்தது, ரோட்டில் குலுங்கியதில் கழன்றிருக்கிறது. நான் அதை உள்ளே அழுத்தினேன். போனுக்கு உயிர் வந்தது. கையை எடுத்தேன், செத்தது. மறுபடி அழுத்தினேன், இந்த முறை கையை எடுக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முனை பாவிக்கப் பாவிக்கச் சூடேறும். விரலைச் சுட்டது. விரலை மாற்றி மாற்றி அழுத்தினேன். ஏன் விடவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். விட்டிருந்தால் என் பழி இன்னும் கொஞ்சம் நன்றாகத்தான் நிறைவேறியிருக்கும்.

மதினி மறுபடி எடுக்க, மருமகனின் முகம் வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதை. உள்ளே கொண்டு போயிருக்கிறார்கள் என்றான். மதினி சுருட்டியிருந்த விரல்களை விரித்து, இரண்டு காலையும் என் கார்த் தரையில் ஊன்றினார், தானே பெறுகிறவர் மாதிரி. அப்படியே இருந்தார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். பெற்றோல் முள் இறங்கிக்கொண்டே போனது. பிறகு அந்தப் பக்கம் ஏதோ கதவு திறக்கிற சத்தம், ஓட்டம், யாரோ அரபியில் கூப்பிடுவது. திரை குலுங்கி, ஒரு சிவப்புத் துணிப்பொட்டலம். அது போட்ட சத்தம் அந்தச் சின்னக் காருக்குள் நிறைந்தது. மகளும் சுகம், பிள்ளையும் சுகம் என்றான்.

மதினி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அது சூடு பட்ட விரலின் எரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது கேட்டார்: "ஒழுங்கைக்குச் சொல்லுவாயோ?"

"சொல்லுவன் மதினி."

"சொல்லு."

அவ்வளவுதான். உபகாரத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது ஒரு செருப்பை நாய் கொண்டு போயிருந்தது. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சுடுமணலில் வீட்டுக்குப் போனார். அதையும் நான் நின்று பார்த்தேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்குத்தான் வெற்றி. ஆனால் சத்தியத்தை முறித்தால் அதற்குப் பரிகாரம் உண்டு. கப்பாரா. பத்து மிஸ்கீன்களுக்கு, இல்லாத ஏழைகளுக்கு, உணவு கொடுக்க வேண்டும். சோறாகவும் கொடுப்பார்கள், அரிசியாக அளந்தும் கொடுப்பார்கள். மதினி அரிசி கொடுத்தார். சின்னச் சின்னத் துணிப்பைகளில் கட்டி, ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படலையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். புதுச் செருப்புப் போட்டிருந்தார். என் படலைக்கு வந்ததும் நிற்காமல் போவார் என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்தார். கடைசிப் பையைக் காரின் பொனட்டில் வைத்தார்.

"இது பத்தாவது" என்றார். "நீதான்."

ஆக, நான்தான் பத்தாவது மிஸ்கீன்.

"கார் வச்சிருக்கிறவ மிஸ்கீனா மதினி?"

"பெற்றோல் இல்லாத கார் காரா புள்ள? தகரம்."

பெற்றோலை எரித்து முடித்தது யார்? அதைக் கேட்க வாய் திறக்கும் முன்னால் போய்விட்டார். நான் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலை உள்ளே வரவைத்தேன். அவரோ எனக்கு நிவாரணம் தந்துவிட்டுப் போய்விட்டார். வீசி எறியலாம் என்று தூக்கினேன். அரிசியை எறிய என் கைக்கு வராது. அது வரிசையில் நின்று வளர்ந்த கை. உள்ளே கொண்டு போய் அவிழ்த்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் வீட்டில் தின்கிற அதே சம்பா. நடுவில் இரண்டு கராம்பு கிடந்தது. புழு வராமல் இருக்க அரிசிக்குள் கராம்பு போடுவது மதினியின் பழக்கம். அந்த வாசத்தோடேயே ஒரு போத்தலில் கொட்டி மூடி, அலுமாரிக்குள், அந்த எக்ஸ்டென்ஷன் வயருக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

கப்பாரா கொடுத்தவர் அதைத் தானே தின்னக் கூடாது. இதைச் சின்ன வயதில் மதரசாவில் ஓதியிருக்கிறேன். அன்றைக்குப் படித்தது என்றைக்கு உதவும் என்று யாருக்குத் தெரியும்?

சில மாதம் கழித்து மகள் பிள்ளையோடு ஊருக்கு வந்தாள். பிள்ளை பார்த்துவிட்டு வந்து, பகல் சாப்பாட்டுக்கு இரண்டு பேரையும் என் வீட்டுக்கு அழைத்தேன். மதினி வருவாரா என்று சந்தேகம்தான். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மகளுக்கும் எனக்கும் வீட்டு அரிசி. மதினிக்கு மட்டும் தனிச் சட்டியில், அந்தப் போத்தல் அரிசி. நெய் இல்லை, ரம்பை இலை இல்லை, வெறும் வெள்ளைச் சோறு. பக்கத்தில் மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பிரட்டல், கீரிமீன் பொரியல். அவருடைய பீங்கானில் நானே போட்டேன்.

தின்றார். நன்றாகத் தின்றார். முதல் வாயில் ஒரு கணம் நின்றார், பிறகு தொடர்ந்தார். நான் எதிரில் கதிரையில் இருந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தேன். மகள் பிள்ளைக்குப் பால் கொடுக்க அறைக்குள் போகும் வரைக்கும் பொறுத்திருந்தேன். பீங்கானில் கடைசிப் பிடி இருக்கும்போது, கல்யாணத்திலிருந்து தொண்டையில் நின்றதை எடுத்து வெளியே போட்டேன்.

"செமிக்குதா மதினி? நிவாரண அரிசி."

அவர் கை நிற்கவில்லை. அந்தக் கடைசிப் பிடியை உருட்டி வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"முதல் வாயிலயே தெரியும்" என்றார். "அரிசிக்குள்ள கராம்பு போடுறது இந்த ஒழுங்கையில நான் மட்டும்தான்."

"தெரிஞ்சுமா திண்டீங்க? கப்பாரா அரிசியைக் குடுத்தவங்க தின்னக் கூடாது."

"நானே எடுத்துத் திண்டாத்தான் கூடாது. உன்ட கைக்கு வந்தாப் பிறகு அது உன்ட. நீ எனக்குப் போட்டது விருந்து."

"மிஸ்கீன் வீட்டு விருந்தா?"

மதினி விரலைச் சூப்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நிற்கிற காரைப் பார்த்தார். பிறகு, கல்யாணம் முடித்த நாளிலிருந்து என்னை ஒருமுறையும் கூப்பிடாத அந்தச் சொல்லைச் சொன்னார்.

"மதினி வீட்டு விருந்து."

வெறும் பீங்கானை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க மதினி. வயித்துக்கு நல்லாத்தான் இரிக்கி."

எழும்பிப் போய்ச் சட்டியை எடுத்து வந்தேன். அடியில் ஒட்டியிருந்தது வரைக்கும் சுரண்டி, எல்லாச் சோற்றையும் போட்டேன். இறைச்சி போடவில்லை.